வெள்ளாற்றுப் பாலத்தில் நின்றுபோன பஸ்

ஒன்பதாம் வகுப்புக்கு வெப்பப் பாடம் நடத்துவதில் நான் கொஞ்சம் பெயர் வாங்கியவன். சூடான காற்று வெளியே போக வேண்டும், குளிர்ந்த காற்று உள்ளே வர வேண்டும், வருவதற்கு வழியில்லை என்றால் போவதற்கும் வழியில்லை என்று சன்னலைத் திறந்தும் மூடியும் காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் பரீட்சையில் சரியாக எழுதிவிடுவார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஒரு புது லேப்டாப்பின் சூட்டைத் தணிக்க முடியாமல் திண்டாடினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. எரிச்சல் தணிந்த பிறகு வருவது வருத்தம். அதுதான் தணிய மாட்டேன் என்கிறது.

லேப்டாப் வாங்கியது மச்சானுக்காக. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, சிதம்பரத்துக்காரன். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை என்று என்னைச் சுற்றி நின்ற கூட்டத்தில், "மாமா, கம்ப்யூட்டர்ல கேம் ஆடுவீங்களா?" என்று கேட்ட ஒரே ஆள் அவன்தான். ஆடுவேன் என்றேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் கடலூரில் இருக்க மாட்டேன். மனைவி வந்தாலும் வராவிட்டாலும் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி பஸ் ஏறிவிடுவேன். மாமியார் வீட்டுக்கு இவ்வளவு ஆசையாகப் போகும் மருமகனைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள்.

சிதம்பரத்தில் வண்டிகேட்டில் இறங்குவேன். மச்சான் அங்கே பைக்கோடு நிற்பான். நான் எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டேன், அவனும் கேட்டிருக்க மாட்டான். ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துவிட்டு, நீலக் கட்டம் போட்ட சட்டையோடு வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு போன் பார்ப்பான். தனியார் பஸ் என்றால் பறக்கும் என்பார்கள். என் ராசிக்கு அமைவதெல்லாம் புதுச்சத்திரத்தில் நின்று டீ குடிக்கிற பஸ்தான். இறங்கியதும் அவன் கேட்கும் கேள்வியும் ஒன்றேதான்.

"பஸ்ஸு எங்க நின்னுது மாமா?"

எங்கே நின்றது என்று நான் சொல்லச் சொல்ல வண்டியைக் கிளப்புவான். அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் எனக்குச் சிதம்பரம் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்.

நாங்கள் ஆடியதும் பஸ் ஓட்டுகிற விளையாட்டுதான். வெளிநாட்டுக்காரர்கள் செய்த விளையாட்டு. ஆனால் நம் ஊர்ப் பையன்கள் அதில் நம் ஊர் பஸ்களையே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அதே பெயிண்ட், அதே கண்ணைப் பறிக்கும் லைட், காதைக் கிழிக்கும் அதே ஹாரன். மச்சான் ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்டக்டர் வேலை பார்ப்பேன். "ரைட் ரைட்" என்று நான் கத்துவதைக் கேட்டு அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் செய்கிற காரியமா இது என்று நினைத்திருப்பார்கள். வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஓட்டுவது போதாமல் மச்சான் சாலை போடவும் கற்றுக்கொண்டான். வேலை முடிந்து வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து, கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எங்கள் சாலையை அந்த விளையாட்டுக்குள் கட்டினான். முதுநகர் ரயில்வே கேட், சிப்காட் புகைபோக்கிகள், ஆலப்பாக்கம், பெரியப்பட்டு வளைவு, புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம். என்னை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வான். பஸ் சன்னலிலிருந்து டீக்கடை போர்டுகளை நான் படம் எடுப்பதைப் பார்த்து, இடம் வாங்கப் போகிறவன் என்று நினைத்து ஒருவர் என்னிடம் மனை விலை சொன்னார்.

சாலை பாலம் வரை வந்த சமயத்தில்தான் அவனுக்கு வளைகுடாவில் வேலை வந்தது. நல்ல வேலை. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஜூன் பிறந்ததும் விமானம். அத்தை அழுதார்கள், என் மனைவி அழுதாள், நான் லேப்டாப் வாங்கினேன். இருவரும் ஆளுக்கொரு இடத்தில் இருந்தபடி ஒரே சாலையில் பஸ் ஓட்டலாம், அவன் முன்னால் போக நான் பின்னால் போகலாம் என்பது ஏற்பாடு. கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு தடவை கடலூரிலிருந்து சிதம்பரம் வரை சேர்ந்து ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். மிச்ச சாலையை எனக்குக் காட்டவே இல்லை. "அவசரப்படாதீங்க மாமா. பாலத்தத் தாண்டி நீங்களே ஓட்டிகிட்டு வந்து பாக்கணும்" என்றான். பஸ் கிளம்பும் இடத்தையும் கடலூர் பஸ் ஸ்டாண்டு ஒன்றோடு நிறுத்தியிருந்தான். குறுக்கு வழியில் நுழைய முடியாது.

மாடலைத் தேர்ந்தெடுத்தது அவன். பார்சல் வந்ததும் சிதம்பரத்துக்குத்தான். அடுத்த ஞாயிறு நான் போனபோது லேப்டாப் எனக்காக அலங்காரம் பண்ணிக்கொண்டு காத்திருந்தது. மேல்மூடி முழுக்கத் தனியார் பஸ்ஸின் முகம். கண்ணாடியில் பஸ்ஸின் பெயர் இருக்கிற இடத்தில் "மாமா மச்சான்". வழித்தடப் பலகையில் கடலூர், சிதம்பரம். திருப்பிப் பார்த்தால் அடிப்பாகம் முழுக்கப் பஸ்ஸின் பின்புறம், சிவப்பு விளக்குகளோடு. அதில் "மெதுவா வாங்க மாமா" என்று எழுதியிருந்தது. அவனே வரைந்து, போனுக்கு ஸ்டிக்கர் போடுகிற கடையில் கொடுத்து ஒட்டி வாங்கியிருந்தான். ஓர் இடத்தில்கூடக் குமிழ் இல்லை.

"அடியில யாரு பாக்கப் போறா, வேணாம்னான் கடைக்காரன். நான்தான் விடல. பஸ்ஸுன்னா பின்னாடியும் இருக்கணும்ல மாமா?"

இருக்கத்தான் வேண்டும் என்றேன். எங்கள் வீடுகளில் புதுப்பொருள் என்றால் முதலில் அதை மூடுகிற வழக்கம். டிவி ரிமோட்டுக்குக் கவர், பிரிட்ஜுக்குத் துணி, கார் சீட்டின் பிளாஸ்டிக் தானாகக் கிழிந்து விழுகிற வரை அப்படியே இருக்கும். புதுக்கருக்குக் குறையக் கூடாது. அதனால் ஸ்டிக்கரைப் பார்த்து எங்களில் யாருக்கும் சந்தோஷம் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. அத்தை அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கொடுத்தார்கள்.

கடலூருக்குக் கொண்டுவந்து பஸ்ஸைக் கிளப்பினேன். முதுநகர் வரை வெண்ணெய் மாதிரி போயிற்று. சிப்காட் தாண்டியதும் விசிறி இரைய ஆரம்பித்தது. ஆலப்பாக்கத்தில் படம் விட்டுவிட்டு ஓடியது. பெரியப்பட்டில் விசைப்பலகையில் கை வைக்க முடியவில்லை. ஒரு மாதிரி கோந்து வாடை வேறு வந்தது. புதுப்பொருள் என்றால் வாடை இருக்கும்தான் என்று விட்டுவிட்டேன். பி.முட்லூர் தாண்டி, பாலத்தின் நடுவில் திரை அணைந்தது.

மச்சானுக்குப் போன் செய்தேன். மறுநாளே கடலூர் வந்துவிட்டான்.

அந்த மே மாதம் எங்கள் வீட்டுக் கூடம் ஆஸ்பத்திரி போல இருந்தது. நடுவில் மேசையில் நோயாளி, இரண்டு பக்கமும் நாங்கள். மின்சாரத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தோம், பேட்டரியில் ஓட்டிப் பார்த்தோம். டிரைவர் என்கிற மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டோம். விசிறியை முழுவேகத்தில் வைத்தோம். பின்பக்கத்தைத் தூக்கி வைத்தால் காற்று வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், தண்ணீர் பாட்டில் மூடிகளை அடியில் வைத்தோம். அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை மறைக்காதீர்கள் என்றும் அதே வீடியோவில்தான் சொன்னார்கள். நம்முடையதில் அடியில் துளையே இல்லை, பின்னால் மட்டும்தான் என்று நான் திருப்பிக் காட்டினேன். மச்சானும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினான். சிவப்பு விளக்குகளோடு பஸ்ஸின் பின்புறம் எங்களைப் பார்த்தது.

சூட்டைக் காட்டும் எண் திரையின் மூலையில் ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டினால் லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். அதையும் மீறினால் அணைந்துவிடுமாம். கத்திரி வெயில் வேறு. டேபிள் ஃபேனைத் திருப்பி அதற்கு வைத்துவிட்டு நாங்கள் வேர்த்து வழிந்தோம். கூலிங் பேட் வாங்கினோம், அது பாட்டுக்கு நீல விளக்கு எரிய அடியில் காற்றை ஊதியது. காற்று போய் முட்டிய இடம் எது என்று இப்போது தெரிகிறது.

படத்தின் தரத்தைக் குறைத்தால் சூடு குறையும் என்று தெரிந்ததும் நான் எல்லாவற்றையும் வெட்ட ஆரம்பித்தேன். நிழல் போயிற்று. ஆலப்பாக்கத்தில் மரங்கள் போயின. சாலையோர மனிதர்களையும் எடுத்துவிடலாம் என்று அந்த இடத்துக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனேன். மச்சான் என் கையைப் பிடித்துவிட்டான்.

"ஆளுங்கள எடுக்காதீங்க மாமா. ஆளுங்களயும் எடுத்துட்டா அப்பறம் எதுக்கு ஓட்டணும்?"

"சும்மா நிக்கிற பொம்மைங்கதான மச்சான்?"

"இருக்கட்டும். வேற எதையாவது எடுங்க."

குரல் கொஞ்சம் மாறியிருந்தது. ஊரை விட்டுப் போகிறவனின் ரோஷம் என்று நினைத்து நான் நதியை எடுத்தேன். வெள்ளாற்றில் தண்ணீர் இல்லாமல் போனது. நிஜத்திலும் மே மாதத்தில் பெரும்பாலும் அப்படித்தானே என்று சொல்லிச் சிரித்தோம். பஸ் பாலத்தில் இன்னும் கொஞ்சம் முன்னேறி நின்றது.

கடைக்குக் கொண்டுபோகலாமா என்ற பேச்சும் வந்தது. அடியைத் திறந்து துடைத்து, சிப்புக்கு மேலே சூட்டைக் கடத்தும் பசையை மாற்றினால் சரியாகும் என்று போனில் ஒருவர் சொன்னார். திறப்பதென்றால் ஆணி எல்லாம் ஸ்டிக்கருக்கு அடியில். மச்சான் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தான். "கிழிஞ்சிடும் மாமா" என்றான். வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். அவன் ஆசையாகக் கொடுத்ததைக் கிழித்துத்தான் ஓட்ட வேண்டுமா? எங்கள் அன்பு சரியாக அந்த இடத்தில் போய் அடைத்துக்கொண்டது.

என் மனைவிக்கு இந்தக் கூத்து பிடிக்கவே இல்லை. சாயங்காலம் தம்பியைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தினமும் சொல்வாள். இதோ இந்த ஒரு செட்டிங் மட்டும் என்று நாங்கள் சொல்வோம். ஒருநாள் டீயை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அவன் போறதுக்குள்ள அவன் மூஞ்சியப் பாத்து நாலு வார்த்த பேசுங்க. ரெண்டு பேரும் அதையே பாத்துகிட்டு இருக்கீங்க. அது எங்கயும் போகப் போறதில்ல."

"இதோ முடிஞ்சிடுச்சிக்கா" என்றான் அவன். நானும் அதையே சொன்னேன். முடியவில்லை.

கடைசி ஞாயிறு. மச்சான் பெட்டி கட்டச் சிதம்பரம் போய்விட்டிருந்தான். நான் சிதம்பரம் போயிருக்கலாம். பஸ் ஏறியிருந்தால் வண்டிகேட்டில் அவன் நின்றிருப்பான். ஆனால் சேர்ந்து ஓட்டுவதைச் சோதிக்க ஆளுக்கொரு ஊரில் இருக்க வேண்டுமே. அதனால் நான் கடலூரிலேயே உட்கார்ந்துகொண்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு பஸ்ஸையும் கிளப்பினோம். அவன் பஸ் முன்னால், என்னுடையது பின்னால். முதுநகர் கேட்டில் இருவரும் சேர்ந்து ஹாரன் அடித்தோம். புதுச்சத்திரத்தில் டீ குடிக்கலாமா என்று கேட்டான். பி.முட்லூர் வந்ததும் அவன் பேச்சு நின்றுவிட்டது. மூச்சு மட்டும் கேட்டது.

"பாலத்த மட்டும் தாண்டிடுங்க மாமா. ஒண்ணு இருக்கு."

அவனுடைய பஸ்ஸின் பின் விளக்குகள் பாலத்தின் அந்தக் கரையை எட்டியதைப் பார்த்தேன். பிறகு என் திரை கறுப்பாகிவிட்டது.

மறுபடி ஆன் செய்தேன், மறுபடி அணைந்தது. போனில் நான் அந்த லேப்டாப்பைச் செய்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் எதிர்முனையில் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, "சரி மாமா, பரவால்ல. இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்றான். அந்தப் "பரவால்ல"வை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை.

சென்னை விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். திண்டிவனம் தாண்டும் வரை லேப்டாப்பைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு அவன் தூங்கிவிட்டான். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய்த் திரும்பிப் பார்த்துக் கையசைத்தான். அங்கே தங்கும் இடம் எப்படி, கூட இருப்பவர்கள் யார், பயமாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று திரும்பி வரும்போது மேல்மருவத்தூரில் டீ குடிக்கிறபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதம் முழுக்கத் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். பேசியதெல்லாம் சூட்டைப் பற்றி.

பிறகு அவனுக்கு ஷிப்ட் வேலை. தங்குமிடத்தில் இணையம் போன் பேசவே திணறும், விளையாட்டுக்கு வழியில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறையில் பேசுவான். ஆரம்பத்தில் லேப்டாப்பைப் பற்றிக் கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். நானும் அதைப் பீரோவில் வைத்துவிட்டு வினாத்தாள் அடிக்க மட்டும் எடுத்தேன்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. வெளியே நல்ல மழை. லேப்டாப்பைத் தூக்கியபோது விரல் பிசுபிசுத்தது. சூட்டில் பசை இளகி, அடியில் ஸ்டிக்கரின் ஒரு மூலை விட்டிருந்தது. அழுத்தி ஒட்டலாம் என்று திருப்பினேன். விட்ட இடத்தில் கறுப்பாக வலைபோல் ஏதோ தெரிந்தது. சின்னச் சின்னத் துளைகள். இன்னும் கொஞ்சம் உரித்தேன். சிவப்பு விளக்குகளுக்கு அடியிலும், "மெதுவா வாங்க மாமா" என்ற எழுத்துக்கு அடியிலும் வரிசை வரிசையாகத் துளைகள். காற்று உள்ளே வர வேண்டிய வழி மொத்தமும் அதுதான்.

சன்னலை மூடியும் திறந்தும் காட்டுகிற வாத்தியார் நான். உட்கார்ந்துவிட்டேன்.

முழுவதையும் கிழியாமல் உரிக்க வெகுநேரம் ஆனது. அதைப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். கொஞ்சம் சுருங்கியிருந்தது, எழுத்து நன்றாகவே தெரிந்தது. பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தேன். நிழல், மரங்கள், ஆற்றுத் தண்ணீர். பஸ்ஸைக் கிளப்பினேன். சிப்காட் தாண்டியும் விசிறி இரையவில்லை. ஆலப்பாக்கத்தில் புளியமரங்கள் இருந்தன. பாலத்துக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் கண் மூலையில் இருந்த எண்ணைத் தேடியது. பஸ் பாட்டுக்குப் போயிற்று. அக்கரையில் நான் பார்த்தே இராத சாலை விரிந்தது. தூரத்தில் கோபுரம் தெரிந்தது. மெதுவாகத்தான் ஓட்டினேன்.

வண்டிகேட்டில் பைக் நின்றது. அதில் சாய்ந்தபடி நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒருவன். டேங்க் மேல் ஹெல்மெட். கையில் போன்.

பஸ்ஸை நிறுத்தினேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பொம்மையை நிமிரும்படி செய்ய மச்சானுக்குத் தெரிந்திருக்காது, அல்லது நேரம் கிடைத்திருக்காது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ, என் மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"இது அவன் சட்டைல்ல?" என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் ஊரில் இல்லாவிட்டாலும் என்னைக் கூட்டிப்போக ஆள் நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அதைப் பார்க்கும்போது என் குரல் எப்படி மாறுகிறது என்று கேட்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவன் காதில் விழுந்தது என் வசவுதான்.

உடனே போன் செய்தேன். விடுமுறை நாள், தூங்கி எழுந்த குரலில் எடுத்தான்.

"மச்சான், வண்டிகேட்டுக்கு வந்துட்டேன்."

எதிர்முனையில் கட்டில் கிரீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்தான் போல.  

"பஸ்ஸு எங்க நின்னுது மாமா?" என்றான். சிரிக்க முயன்றான். "இவ்ளோ நாளா?"

 அறையைத் திரும்பிப் பார்த்தேன். பீரோ திறந்திருந்தது, கதவில் அவன் ஸ்டிக்கர்.

"வெயிலுதான் மச்சான். இப்ப மழ வந்துடுச்சி, சூடு தானா கொறஞ்சிடுச்சி."

"நான் அப்பவே சொன்னேன்ல மாமா, நம்ம ஊரு வெயிலு ஜாஸ்தின்னு." அவன் குரல் தெளிந்துவிட்டது. "ஸ்டிக்கரு? சூட்டுல ஒண்ணும் ஆவலையே?"

"அப்படியே இருக்கு மச்சான்" என்றேன்.